ராஜரத்தினம் லீ குவான் யூவோட குரலா, தனி ஆளா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்விய முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். "ஒரு சின்ன நாட்டோட வெளியுறவுக் கொள்கைய பிரதமர்தான முடிவு பண்றாரு, வெளியுறவு அமைச்சர் ஏர்போர்ட்ல கை குலுக்கற ஆள்தான? அப்புறம் எப்படி எஸ். ராஜரத்தினத்த சிங்கப்பூரோட சுதந்திர வெளியுறவுக் கொள்கையின் சிற்பின்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க? யாழ்ப்பாணத்துல பொறந்த நம்மாளுங்கற பாசத்துலயா?" இதுதான் நீங்க கேட்டது. இதுல ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணு, ஒரு வெளியுறவு அமைச்சருக்கு நிஜமாவே எவ்வளவு இடம் இருக்குங்கறது. இன்னொண்ணு, பாசத்த கழிச்சுட்டுப் பாத்தா இந்த மனுஷன்கிட்ட மிஞ்சறது என்னங்கறது. முதல் கேள்விதான் கஷ்டம், ரெண்டாவதுக்கு கடைசில வர்றேன்.

நான் தூதரகத்துல வேலை பாத்தவன் இல்ல, காலேஜ்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல சர்வதேச அரசியல் பாடம் எடுத்தவன், அதுல தென்கிழக்கு ஆசியா என் பங்கு. அதனால கேபினட் ரூமுக்குள்ள யார் என்ன தொனில பேசினாங்கன்னு நேர்ல பாத்த மாதிரி எழுத முடியாது. வெளிய வந்த உரைகள், ஓட்டுக் கணக்கு, ஒப்பந்தங்கள், பின்னாடி அவங்களே சொன்ன நினைவுகள், இத வெச்சுத்தான் பேசறேன். எது உறுதி, எது என் கணிப்புங்கறத அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

உங்க சந்தேகத்துக்கு ஆதரவான விஷயத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா பாராட்டிப் பேசறவங்க இத சொல்ல மாட்டாங்க. 1965 ஆகஸ்ட்ல சிங்கப்பூர் மலேசியாவ விட்டு வெளிய வந்துச்சு இல்லையா, அந்தப் பேச்சுவார்த்தை ராஜரத்தினத்துக்குத் தெரியாமலேதான் நடந்துச்சு. பிரதமர் லீ குவான் யூ, நிதியமைச்சர் கோ கெங் சுவீ, சட்ட அமைச்சர் பார்க்கர், இவங்க மூணு பேர் மட்டும் ரகசியமா வெச்சிருந்தாங்க. ஆகஸ்ட் 7ஆம் தேதி கோலாலம்பூருக்கு வந்து சேந்தப்பறம்தான் ராஜரத்தினத்துக்கும் துணைப் பிரதமர் டோ சின் சாய்க்கும் விஷயமே தெரியும். ரெண்டு பேருமே கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னாங்க. ராஜரத்தினம் வளந்ததே மலாயாவுல இருக்கற சிரம்பான்ல, அவர் சொந்தபந்தம் எல்லாம் அந்தப் பக்கம், மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே நாடுங்கறதுக்காகத்தான் அவர் அரசியலுக்கே வந்தார். வேற வழியே இல்லன்னு மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் டோ சின் சாய்க்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தப்பறம்தான் கையெழுத்தாச்சு. ரெண்டு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 9, நாடு பொறக்குது, அந்த நாட்டுக்கு இவர்தான் வெளியுறவு அமைச்சர். அதாவது, எந்த முடிவால அந்தப் பதவியே உருவாச்சோ அந்த முடிவுல இவருக்குப் பங்கு கிடையாது, விருப்பமும் கிடையாது. வகுப்புல இத சொல்றப்ப பசங்க சிரிப்பாங்க, எனக்கு சிரிப்பு வர்றதில்ல.

ஆள் யாருன்னு சுருக்கமா: 1915ல வட்டுக்கோட்டைல பொறந்தார், கைக்குழந்தையாவே மலாயாவுக்குப் போயாச்சு, அப்பா ரப்பர் தோட்டத்துல மேற்பார்வை வேலை. சட்டம் படிக்க லண்டன் போனார், யுத்தம் வந்துச்சு, வீட்லேர்ந்து பணம் வர்றது நின்னுச்சு, சட்டப் படிப்பு பாதில போச்சு, பேனாவ வெச்சுப் பொழைக்க ஆரம்பிச்சுட்டார். சிறுகதையும் எழுதியிருக்கார். அங்கயே ஒரு ஹங்கேரிப் பொண்ண கல்யாணம் பண்ணிக்கிட்டார். திரும்பி வந்து பத்து வருஷத்துக்கு மேல பத்திரிகையாளர், 1954ல மக்கள் செயல் கட்சியத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், 1959லேர்ந்து 65 வரைக்கும் கலாசார அமைச்சர். அவர் எழுதினதெல்லாம் இங்கிலீஷ்லதான். இதுல உங்க கேள்விக்கு முக்கியமானது அந்தப் பத்திரிகையாளர்ங்கற ஒரு வார்த்தை. ஏன்னு பின்னாடி வரும்.

சரி, 1965 ஆகஸ்ட்ல அவர் கைல என்ன இருந்துச்சு? ஏறக்குறைய 19 லட்சம் ஜனம், 580 சதுர கிலோமீட்டர் சொச்சம் நிலம், தூதரகம் நடத்திப் பழக்கப்பட்ட ஆளுங்க ஏறக்குறைய கிடையாது. குடிதண்ணி ஜோகூர்லேர்ந்து வரணும், அதாவது மலேசியாலேர்ந்து. பிரிஞ்ச ஒப்பந்தத்துலயே ஒரு ஷரத்து இருக்கு, ஒருத்தரோட சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு வர்ற மாதிரி இன்னொருத்தர் வெளிநாட்டோட ஒப்பந்தம் போடக் கூடாதுன்னு. அதவிட வெளிப்படையா, சிங்கப்பூரோட வெளியுறவுக் கொள்கை நமக்கு ஒத்து வரலன்னா ஜோகூர் தண்ணிய நிறுத்திடுவோம்னு மிரட்டலாம்னு துங்கு அப்பவே பிரிட்டிஷ் தூதர்கிட்ட சொன்னதா பதிவு இருக்கு. தண்ணிய வெச்சு அரசியல் எப்படி நடக்கும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். அந்தப் பக்கம் இந்தோனேசியா, மலேசியா உருவானத எதிர்த்து அதிபர் சுகர்னோ நடத்தின கன்ஃப்ரண்டாசிங்கற மோதல் இன்னும் முடியல, அந்த வருஷம் மார்ச் 10ல சிங்கப்பூர் நடுவுல மெக்டொனால்ட் ஹவுஸ்ங்கற கட்டடத்துல குண்டு வெச்சு மூணு பேர் செத்திருந்தாங்க. நாட்டுக்குள்ளயே பிரிட்டிஷ் ராணுவத் தளம், அத நம்பித்தான் பொருளாதாரத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. இந்த நிலைமைல 'சுதந்திரமான வெளியுறவுக் கொள்கை'ன்னு யாராச்சும் சொன்னா நீங்களும் நானும் சிரிச்சிருப்போம்.

அவர் முதல்ல பண்ணது ஐநா. செப்டம்பர் 20ல பாதுகாப்பு கவுன்சில் சிபாரிசு, 21ல பொதுச்சபை, காம்பியா மாலத்தீவு கூட சேந்து ஒரே நாள்ல உள்ள வந்தாங்க, சிங்கப்பூர் 117ஆவது உறுப்பு நாடு. அன்னைக்கு அவர் பேசினதோட சாரம், சின்ன நாடுகளுக்குத்தான் ஐநா மேல உண்மையான அக்கறை இருக்கணும், பெரியவங்க அது இல்லாமலும் பொழைச்சுக்குவாங்கங்கறது. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா பிரிஞ்ச ஒப்பந்தத்தையே, அதுல தண்ணி உத்தரவாதம் உட்பட, ஐநாவுல பதிவு பண்ணி வெச்சாங்க பாருங்க, அப்ப இது மேடைப் பேச்சு மட்டும் இல்லன்னு புரியும். தண்ணி ரெண்டு அரசுக்கு நடுவுல இருக்கற தயவாவே இருந்திருந்தா இன்னைக்கு வெட்டலாம் நாளைக்கு விடலாம், சர்வதேச ஒப்பந்தமா ஆயிடுச்சுன்னா கைய வைக்க முன்னாடி யோசிக்கணும். அந்தப் பதிவு யோசனை ராஜரத்தினத்தோடதா சட்ட அமைச்சரோடதான்னு பிரிச்சு சொல்றது சரியா இருக்காது, கூட்டு வேலை.

ஐநா முடிஞ்ச கையோட டோ சின் சாயும் அவரும் ஆப்பிரிக்கா, கிழக்கு ஐரோப்பா பக்கம் சுத்தப் போனாங்க. இது ஏன்னு இன்னைக்கு நிறைய பேருக்குப் புரியாது. அப்ப ஆசிய ஆப்பிரிக்க நாடுகள்ல ஒரு எண்ணம் இருந்துச்சு, மலேசியா சிங்கப்பூர் எல்லாம் பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன பொம்மைன்னு. 1964ல கெய்ரோவுல நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டுக்குள்ள மலேசியாவால காலே வைக்க முடியல, இந்தோனேசியா தடுத்துடுச்சு. இப்ப சிங்கப்பூர் பிரிட்டிஷ் தளத்த வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு 'நாங்க அணிசேராதவங்க'ன்னு போய் கதவத் தட்டணும். இந்த முரண்பாட்டுக்கு ஒரு விளக்கம் வேணும், கேக்கறவன் ஒத்துக்கற மாதிரி. அத உருவாக்கினது ராஜரத்தினம். டிசம்பர் 1965ல பாராளுமன்றத்துல அவர் வெச்ச வாதம் கிட்டத்தட்ட இப்படி: எல்லாரோடயும் நட்பா இருப்போம், எங்க சித்தாந்தத்த ஒத்துக்கறவன் கூட மட்டும்தான் பழகுவோம்னு இல்ல, தளம் எங்க பாதுகாப்புக்கு மட்டும்தான், அடுத்தவன் மேல பாய இல்ல, எங்க சொந்தக் கால்ல நிக்கற வரைக்கும்தான். முழு நேர்மையா இதுன்னு கேட்டா, முழுசா இல்ல, ஆனா வேலை செஞ்சுச்சு. 1970ல லுசாகா மாநாட்டுல அணிசேரா இயக்கத்துல சேந்துட்டாங்க.

இங்க ஒரு நிமிஷம் நின்னு 'சுதந்திரமான'ங்கற வார்த்தைய பாக்கணும், பரீட்சைக்கு எழுதறவங்க இதுலதான் தப்பு பண்றாங்க. யாரையும் சாராம இருக்கறதுன்னு எழுதிடுவாங்க. அப்படி ஒரு சின்ன நாடு உலகத்துலயே கிடையாது. சிங்கப்பூர் பாதுகாப்புக்கு பிரிட்டன சார்ந்திருந்துச்சு, ராணுவப் பயிற்சிக்கு இஸ்ரேல்லேர்ந்து ஆளுங்க வந்தாங்க, வெளிய தெரியக் கூடாதுன்னு அவங்கள மெக்சிகோகாரங்கன்னு சொல்லிக்கிட்டாங்க, தண்ணிக்கு மலேசியா, முதலீட்டுக்கு அமெரிக்காவும் ஜப்பானும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொருத்தர சார்ந்திருந்ததால எவன் ஒருத்தனாலயும் முழுசா கழுத்தப் பிடிக்க முடியல, அதான் இதுல இருக்கற சுதந்திரம். அப்பப்ப 'முடியாது'ன்னு சொல்லணும், சொன்னதுக்கான விலையையும் கொடுக்கணும்.

அந்த 'முடியாது' முதல்ல சோதனைக்கு வந்தது பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டதான். 1966 ஏப்ரல்ல இந்தோனேசியா, அதாவது சுகர்னோ கை தளர்ந்து ஆடம் மாலிக் வெளியுறவுத்துறைய எடுத்தப்பறம், சிங்கப்பூர அங்கீகரிக்கத் தயார்னு சொன்னாங்க. மலேசியாவோட இன்னும் சமாதானம் ஆகல, அதுக்குள்ள சிங்கப்பூர். சிங்கப்பூர் அத வரவேற்றுச்சு. கோலாலம்பூருக்குக் கோவம் வந்துச்சு, எங்கள பிரிக்கப் பாக்கறான் நீ போய் கை கொடுக்கறியான்னு. மலேசியா கோவிச்சுக்கும்னு தெரிஞ்சேதான் செஞ்சாங்க. ஆகஸ்ட் 1966ல கன்ஃப்ரண்டாசியே முடிஞ்சு போச்சு. ஆடம் மாலிக்கும் பத்திரிகையாளரா இருந்தவர், அந்தாரா செய்தி நிறுவனத்த ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். ரெண்டு பழைய நிருபர்கள் உக்காந்து பேசினா ஒரு மொழி கிடைச்சிருக்கும்னு நான் நெனைப்பேன், இது என் ஊகம்தான்.

அடுத்த வருஷம் ஆசியான், தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்பு. 1967 ஆகஸ்ட் 8, பாங்காக். இந்தோனேசியாவுக்கு ஆடம் மாலிக், மலேசியாவுக்கு துன் அப்துல் ரசாக், பிலிப்பைன்ஸ்க்கு நார்சிசோ ராமோஸ், தாய்லாந்துக்கு தனத் கோமன், சிங்கப்பூருக்கு ராஜரத்தினம். அதுக்கு முன்னாடி பாங் சேன்னு ஒரு கடற்கரை ஊர்ல கோட்டு சூட்ட கழட்டிட்டு நாலு நாள் பேசினாங்க. பிரகடனம் மொத்தமே ரெண்டு பக்கம்தான். அதுல வெளிநாட்டு ராணுவத் தளங்கள் எல்லாம் தற்காலிகமானதுன்னு ஒரு வரி, இந்தோனேசியா கேட்டு வந்தது, அப்ப தளம் வெச்சிருந்த சிங்கப்பூரும் பிலிப்பைன்ஸும் அத முழுங்கிக்கிட்டாங்க. இதுக்கு ராஜரத்தினம் தலையாட்டினது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. தற்காலிகம்னு ஒரு வார்த்தைல கையெழுத்துப் போட்டா ஒண்ணும் குறையாது, ஆனா பத்து கோடிக்கு மேல ஜனம் இருக்கற பக்கத்து நாடு நம்ம கூட ஒரே மேசைல சமமா உக்காரும். கையெழுத்தான அன்னைக்கு அவர் பேசினதுலயும் இதான் இருக்கு, இனிமே நம்ம நாட்டுக்கு நல்லதுன்னு மட்டும் யோசிச்சா பத்தாது, வட்டாரத்துக்கும் சேத்து ரெண்டு தட்டுல யோசிக்கணும், இல்லன்னா பால்கன் நாடுகள் மாதிரி வெளியாளுங்க நம்மள துண்டு துண்டா ஆட்டி வைப்பாங்கன்னு. இலங்கையையும் சேத்துக்கலாமான்னு அப்ப ஒரு பேச்சு இருந்துச்சு, கடைசில சேரல. அந்த ஒரு இது நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இலங்கை நண்பர்கள் கேப்பாங்க, அந்த மாதிரி கேள்விக்கு நான் பதில் சொல்றதில்ல.

ஆசியான் ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆனதும் அதே இந்தோனேசியாவோட பெரிய மோதல். மெக்டொனால்ட் ஹவுஸ்ல குண்டு வெச்ச ரெண்டு இந்தோனேசிய கடற்படை வீரங்களுக்குத் தூக்கு. உஸ்மான், ஹாருன்னு பேரு. சுகர்னோவுக்கப்பறம் அதிபரான சுகார்த்தோவே தனித் தூதர அனுப்பி மன்னிச்சு விடுங்கன்னு கேட்டார். சிங்கப்பூர் கேக்கல, 1968 அக்டோபர் 17ல தூக்கு நடந்துடுச்சு. ஜகார்த்தாவுல சிங்கப்பூர் தூதரகத்த அடிச்சு நொறுக்கினாங்க. இது கேபினட் முடிவு, வெளியுறவு அமைச்சரோட தனி முடிவுன்னு யாரும் சொல்ல முடியாது. பெரிய பக்கத்து நாடு கேட்டா சட்டம் வளையும்னு ஒரு தடவ காட்டிட்டா அப்புறம் எப்பவும் வளையணும்னு யோசிச்சிருக்காங்க. அதே சமயம் 1973ல லீ குவான் யூ ஜகார்த்தா போனப்ப அந்த ரெண்டு பேர் கல்லறைல பூ தூவினார். தூக்குலயும் போடணும் பூவும் போடணும், ராஜதந்திரம்னா இதான். ஆறிடுச்சுன்னு நெனைக்காதீங்க, 2014ல இந்தோனேசியா ஒரு போர்க்கப்பலுக்கு அவங்க பேர வெச்சப்ப மறுபடி சண்டை வந்துச்சு.

சீனா விஷயம் ஒண்ணு இருக்கு, இதுல அமைச்சர் யாருங்கறதே ஒரு கொள்கையா வேலை செஞ்சுச்சுன்னு எனக்குத் தோணும். சிங்கப்பூர்ல முக்கால்வாசி சீனர்கள். சுத்தி இருக்கற மலாய் உலகத்துக்கு ஒரே பயம், சீனா, தைவானுக்கு அப்புறம் இது மூணாவது சீனான்னு. அந்த நேரத்துல வெளிநாட்டுல போய் நாங்க சீனாவோட கிளை இல்லன்னு சொன்னது ஒரு யாழ்ப்பாணத் தமிழர். 1971ல மக்கள் சீனாவ ஐநாவுல சேக்க ஓட்டுப் போட்டாங்க, 1975ல ராஜரத்தினமே பீஜிங் போயி சீனப் பிரதமர் சூ என்லாயப் பாத்துட்டு வந்தார், ஆனா முறையான தூதரக உறவு மட்டும் வெச்சுக்கல. இந்தோனேசியா முதல்ல வெச்சுக்கட்டும் அப்புறம் நாங்கன்னு சொல்லிட்டாங்க. சொன்ன மாதிரியே 1990 ஆகஸ்ட்ல இந்தோனேசியா, அக்டோபர் 3ல சிங்கப்பூர். பதினஞ்சு வருஷம் அவர் சொன்ன வார்த்தைய அவர் பதவிய விட்டுப் போனப்பறமும் காப்பாத்தியிருக்காங்க.

இப்ப கம்போடியா. உங்க கேள்விக்கு நேர் பதில் இங்கதான் கிடைக்கும்னு நெனைக்கறேன், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. 1978 டிசம்பர் 25 வாக்குல வியட்நாம் படை கம்போடியாவுக்குள்ள நுழையுது, 1979 ஜனவரி 7ல தலைநகர் ப்னோம் பென் விழுது, அங்க ஆண்டுக்கிட்டிருந்த போல் பாட் ஓடறான். ஜனவரி 12, 13 ரெண்டு நாள் பாங்காக்ல ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் அவசரமா கூடி இந்த ஆயுதத் தலையீட்ட ஏத்துக்க மாட்டோம்னு சொல்றாங்க. ஆசியானுக்குள்ளயே எல்லாரும் ஒரே சூட்டுல இல்ல, இந்தோனேசியாவுக்கு வியட்நாம் மேல ஒரு மரியாதை, தாய்லாந்துக்கு எல்லைல படை வந்து நிக்கற பயம். ரொம்ப கடுமையா நின்னது சிங்கப்பூர், அதுக்கு வார்த்தை கொடுத்தது ராஜரத்தினம். அவர் வாதம் எளிமையானது: உள்ள இருக்கற ஆட்சி எவ்வளவு கேவலமா இருந்தாலும் பெரிய பக்கத்து நாடு டாங்க்ல வந்து மாத்தலாம்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நின்னா யார்கிட்ட போய் முறையிடறது? செப்டம்பர்ல ஹவானாவுல அணிசேரா மாநாடு, தலைமை காஸ்ட்ரோ, கம்போடியா நாற்காலிய காலியா விட்டுட்டாங்க, அங்க ராஜரத்தினம் நேரடியா மோதினார், இயக்கத்த சோவியத் பக்கம் இழுக்கறீங்கன்னு. அதே மாசம் ஐநா பொதுச்சபைல பழைய ஆட்சிக்கே இடம் தொடரணும்னு 71 ஓட்டு, எதிர்த்து 35, நடுநிலை 34. அங்க களத்துல நின்னு பேசினது சிங்கப்பூரோட ஐநா தூதர் டாமி கோ, ஆனா வாதத்தோட எலும்புக்கூடு அமைச்சரோடது.

இதுல ஒரு பெரிய கசப்பு இருக்கு. அந்த 'பழைய ஆட்சி' யாரு? கெமர் ரூஜ், போல் பாட்டோட கம்யூனிஸ்ட் இயக்கம். பதினஞ்சுலேர்ந்து இருவது லட்சம் பேர் வரைக்கும் செத்ததுக்குக் காரணமானவங்க. வியட்நாம் என்ன காரணத்துக்கு வந்திருந்தாலும் அந்தக் கொலைய நிறுத்தினது அவங்க படைதான். இந்தியா 1980ல ப்னோம் பென்ல இருந்த புது ஆட்சிய அங்கீகரிச்சுது. சிங்கப்பூர்காரங்க 'நாங்க கொள்கைக்குத்தான் ஓட்டுப் போட்டோம், கொலைகாரங்களுக்கு இல்ல'ன்னு சொல்வாங்க. ரெண்டும் ஒரே நாற்காலிதான. பின்னாடி இவங்களே சங்கடப்பட்டு கெமர் ரூஜ் அல்லாத ரெண்டு குழுக்களையும் சேத்து ஒரு கூட்டணிய உருவாக்கப் பாடுபட்டாங்க, 1981 செப்டம்பர்ல அந்தத் தலைவர்கள் சிங்கப்பூர்லதான் கூடினாங்க, 1982 ஜூன்ல கூட்டணி அமைஞ்சுது. அதுக்குள்ள ராஜரத்தினம் ரெண்டாவது துணைப் பிரதமர் ஆயிட்டார், வெளியுறவுக்கு தனபாலன் வந்துட்டார். 1981 ஜூலைல நியூயார்க்ல நடந்த மாநாட்டுல கெமர் ரூஜ் கைலேர்ந்து ஆயுதத்த வாங்கணும்னு ஆசியான் கேட்டப்ப சீனா மறுத்துச்சு, அமெரிக்கா சீனா பக்கம் சாஞ்சுது. சின்ன நாடு தன்னோட வார்த்தையால பெரியவங்கள எவ்வளவு தூரம் இழுக்கலாம், எங்க கயிறு அறுந்துடும்னு அந்த ஒரு மாநாடு காட்டும். கொள்கை சரி, கூட்டாளி தப்புன்னு நான் வகுப்புல சொல்வேன். இன்னைக்கு யோசிச்சா அது கூட கொஞ்சம் சுலபமான பதில்தானோன்னு தோணுது.

இத்தனையும் வெச்சு உங்க முதல் கேள்விக்கு வர்றேன். முடிவு எடுக்கற அதிகாரம் லீகிட்ட இருந்துச்சு, அதுல சந்தேகம் இல்ல. ராணுவ விஷயம் கோ கெங் சுவீகிட்ட. அப்போ ராஜரத்தினம்கிட்ட என்ன? முதல் டிராஃப்ட். ஆபீஸ்ல வேலை பாத்தவங்களுக்கு இது உடனே புரியும். பைல்ல முதல் நோட்டு யார் எழுதறாங்களோ அவங்கதான் பாதி முடிவு எடுத்துடறாங்க, மேல இருக்கறவர் அங்க ஒரு வரி இங்க ஒரு வரி அடிச்சுக் கையெழுத்துப் போடுவார். லீக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு, நாடு பொழைக்குமான்னு. அந்தப் பயத்த 'சின்ன நாடுகளோட உரிமை', 'வட்டார ஒற்றுமை', 'படையெடுப்ப ஏத்துக்க மாட்டோம்'னு மத்த நாட்டுக்காரனும் கைதட்டற வார்த்தையா மாத்தினது இவர். பதினஞ்சு வருஷம் தலையங்கம் எழுதற மாதிரி வெளியுறவுக் கொள்கைய எழுதினார். 1972ல பத்திரிகையாளர் மன்றத்துல பேசினப்ப சிங்கப்பூர் ஒரு உலக நகரமா மாறும், உலகமே அதுக்கு சரக்கும் சந்தையும் தர்ற பின்நிலம்னு சொன்னார், அன்னைக்கு அது வெறும் ஆசை மாதிரி இருந்துச்சு.

ஒப்பிட்டுப் பாருங்க. இந்தியாவுல 1947லேர்ந்து 64 வரைக்கும் நேருவே வெளியுறவு அமைச்சர், முதல் டிராஃப்டும் அவரே கடைசி கையெழுத்தும் அவரே, மறுத்துப் பேச ஆளே இல்ல. இலங்கைல சுதந்திரம் வந்தப்ப இருந்த சோல்பரி அரசியலமைப்பே பிரதமர்தான் பாதுகாப்புக்கும் வெளிவிவகாரத்துக்கும் அமைச்சர்னு எழுதி வெச்சுது, 1977ல ஏ.சி.எஸ். ஹமீது வர்ற வரைக்கும் தனியா ஒரு வெளிவிவகார அமைச்சரே கிடையாது. சிங்கப்பூர்ல முதல் நாள்லேர்ந்தே ரெண்டு பேர். இது லீயோட பெருந்தன்மையா, இல்ல வேலைப் பளுவான்னு விவாதிக்கலாம், ரெண்டும் இருந்திருக்கும்.

அவர தேவதை ஆக்கிடாதீங்க. வெளிய சட்டம், உரிமைன்னு பேசினவர், உள்ள விசாரணை இல்லாம ஜெயில்ல வெக்கறத கூசாம ஆதரிச்சார். 1963ல இடதுசாரி எதிர்க்கட்சிக்காரங்கள மொத்தமா பிடிச்ச கோல்ட்ஸ்டோர் கைதுகள் நடந்தப்ப அவர் அமைச்சர். 1971ல பத்திரிகைகள் மேல அரசாங்கம் பாஞ்சப்பவும் இந்தப் பழைய பத்திரிகையாளர் அரசாங்கம் பக்கம்தான் நின்னார். வெளிநாட்டுல சின்னவங்களோட குரலா இருந்தவர் உள்நாட்டுல சின்னக் குரல்கள கேக்கலன்னு ஒரு குற்றச்சாட்டு இருக்கு, அத என்னால தள்ளிவிட முடியல.

கடைசியா அந்த 'நம்மாளு' விஷயம். அவருக்கப்பறம் தனபாலன், ஜெயக்குமார், சண்முகம், விவியன் பாலகிருஷ்ணன்னு அந்த நாற்காலில வந்தவங்க பேர அடுக்கினா நமக்கு சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா ராஜரத்தினத்துகிட்ட போய் தமிழன்னு பெருமைப்படறோம்னு சொல்லியிருந்தா முகம் சுளிச்சிருப்பார்னு நெனைக்கறேன், இனத்த வெச்சு ஆள எண்றது அவருக்குப் பிடிக்காத விஷயம். 1966 பிப்ரவரில கல்வி அமைச்சர் கேட்டு, சிங்கப்பூர் பள்ளிப் பிள்ளைங்க தினமும் சொல்ற உறுதிமொழிக்கு அவர்தான் முதல் டிராஃப்ட் எழுதினார். இன, மொழி, மத வேற்றுமைகள 'மறந்து' ஒன்றுபடுவோம்னு எழுதிக் கொடுத்தார். லீ அத வாங்கித் திருத்தினார், 'மறந்து'ங்கறது போயி, இனம் மொழி மதம் எதுவா இருந்தாலும்னு இங்கிலீஷ்ல மாறிடுச்சு. டிராஃப்ட் இவரோடது, பேனாவோட கடைசி கோடு அவரோடது, நான் மேல சொன்னது எல்லாத்துக்கும் இதவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனா தமிழ் உறுதிமொழிய எடுத்துப் பாருங்க, 'இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு'ன்னு இன்னைக்கும் அப்படியே இருக்கு. தற்செயலாவும் இருக்கலாம். லீ அடிச்ச வார்த்தைய தமிழ் வகுப்புப் பசங்க தினம் காலைல சொல்லிக்கிட்டு இருக்காங்க.